கட்ட முடியாத போன்களின் கவுண்டர்

போனை விற்க ஒரு சிரிப்பு போதும். விற்ற போனைத் தூக்கிக்கொண்டு "மாசா மாசம் கட்ட முடியல, வேணாம்" என்று வருகிறவரை அதே போனோடு வீட்டுக்குத் திருப்பி அனுப்பத்தான் தொழில் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு அந்தத் தொழில் தெரியும். பிரிக்பீல்ட்ஸில் ஒரு போன் கம்பெனியின் சேவை மையத்தில், சேலைக் கடைக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவில், பதின்மூன்று வருஷமாக மூன்றாம் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். பெயர் கலா. கான்ட்ராக்டை முறிக்க வருகிறவரை முறிக்க விடாமல் அனுப்பிவைத்தால் அதற்கு எங்கள் ஆபீஸில் 'சேவ்' என்று பெயர். காப்பாற்றியதாக அர்த்தம். யாரை யாரிடமிருந்து காப்பாற்றுகிறோம் என்று நாங்களும் கேட்டதில்லை, மேலே இருப்பவர்களும் சொன்னதில்லை.

ஊருக்கெல்லாம் கான்ட்ராக்டைப் பற்றி விளக்கம் சொல்கிற நான் எப்படி மாட்டினேன் என்றும் சொல்லிவிடுகிறேன். புது மாடல் வந்த சமயம் எங்கள் மேலாளர் லிம் காலைக் கூட்டத்தில், கஸ்டமர் உங்கள் வாயைப் பார்க்க மாட்டான், கையைத்தான் பார்ப்பான் என்றார். பழைய போனைக் கையில் வைத்துக்கொண்டு புதுசை எப்படி விற்பது என்றும் கேட்டார். நியாயமாகத்தான் பட்டது. ஆளுக்கு ஒன்று எடுத்தோம். இருபத்துநாலு மாதம், மாதம் நூற்று எழுபத்தெட்டு ரிங்கிட், எங்கள் பேச்சில் வெள்ளி. வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்ட கதை. ஒரு வருஷம் ஓடியது. பிறகு எங்கள் கமிஷனைப் பாதியாக வெட்டினார்கள். ஸ்ரீ கெம்பாங்கானில் என் வீட்டுக்காரர் சேகர் வேலை செய்கிற பிளாஸ்டிக் தொழிற்சாலையில் ஓவர்டைமும் நின்றது. முறித்துக்கொள்ளலாம் என்றால் மிச்ச மாதங்களின் தவணையை ஒரே அடியாகக் கீழே வைக்க வேண்டும். அதை நானே எத்தனை பேருக்குக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

இதில் எங்களுக்கு மட்டும் ஒரு தனிச் சட்டம் உண்டு. ஸ்டாஃப் யாராவது இரண்டு பில் பாக்கி வைத்தால் அவர் கவுண்டரில் உட்காரக் கூடாது. பின்னால் ஸ்டோருக்குப் போய்ப் பெட்டி அடுக்க வேண்டும், கமிஷன் கிடையாது. கடன்காரி கடன்காரருக்குப் புத்தி சொல்லக் கூடாதாம். ஆகவே அந்த மாதங்களில் என் கவுண்டருக்கு எதிரில் உட்கார்ந்த ஒவ்வொருவரையும் நான் இரண்டு காதால் கேட்டேன். ஒரு காது கம்பெனிக்கு. இன்னொரு காது எனக்கு, இவர் கொண்டுவந்திருக்கிற வழி நமக்கும் ஆகுமா என்று பார்க்க. உங்கள் பையிலும் இப்படி ஒன்று மாதா மாதம் சம்பளம் வாங்கிக்கொண்டு படுத்திருந்தால், நீங்களும் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தூங்குகிற போன்

முதலில் வந்தவர் பூக்கடை ஆன்டி. கோவில் பக்கம் மாலை கட்டி விற்கிறவர். மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்த பெட்டியை மேசைமேல் வைத்து, முடிச்சை அவிழ்த்து, போனைக் காட்டினார். புத்தம் புதுசு. பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் கூடாரம் போட்டு விற்ற எங்கள் ஆட்கள், இதை எடுத்தால் ரைஸ் குக்கர் இலவசம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். இரண்டு மாதம் பில் கட்டிப் பார்த்தார், கட்டுப்படியாகவில்லை. உடனே போனை அணைத்துப் பெட்டியில் வைத்துவிட்டார். நாலு மாதமாக அது தூங்குகிறது. ஆனாலும் பில் மட்டும் நேரம் தவறாமல் வருகிறது.

"நான் தொடவே இல்லம்மா. அணைச்ச விளக்குக்கு கரண்ட் பில் உண்டா?" என்று கேட்டார். பேசினாலும் பேசாவிட்டாலும் கான்ட்ராக்டுக்குக் காசு, ஆன்டி என்றேன். தண்ணீர், கரண்ட், பஸ் என்று எல்லாவற்றையும் எடுத்து உதாரணம் காட்டி வாதாடினார். எல்லாவற்றிலும் அவர் சொன்னதுதான் சரி. நான் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன், ஏனென்றால் முந்தின வாரம்தான் நானும் ஒரு ஆசையில் என் போனை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அணைத்து வைத்திருந்தேன்.

எப்படியும் காசு போகிறது, திறந்தாவது வையுங்கள் என்று நானே பட்டனை அழுத்திக் கொடுத்தேன். போன் விழித்ததும் கீங் கீங் என்று மூச்சு விடாமல் மெசேஜ் கொட்டியது. இருநூறுக்கு மேல். ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம், தாமரைப்பூ போட்ட காலை வணக்கம், பிள்ளையார் போட்ட காலை வணக்கம். பூ விற்கிறவருக்கு உலகமே பூ அனுப்பியிருந்தது. ஆன்டி கடைசி வரைக்கும் தள்ளிப் பார்த்தார். ஒருவரும் ஏன் பதில் இல்லை என்று கேட்டிருக்கவில்லை. போனைத் திரும்பவும் மஞ்சள் துணியில் முடிந்துகொண்டே சொன்னார்:

"நாலு மாசமா நான் இல்லாமலே எல்லாரும் நல்லாத்தான் இருந்திருக்காங்க. சரிம்மா, ரைஸ் குக்கரைத் திருப்பிக் கேக்க மாட்டீங்கல்ல?"

நினைவஞ்சலி

கான்ட்ராக்டில் இருப்பவர் இறந்துபோனால் கம்பெனி மிச்சத்தைக் கேட்காது. எங்கள் கம்பெனியின் மனிதாபிமானம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. இதை யாரோ ஊரில் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஐம்பது வயதுக்காரர் ஒருவர் நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். தம்பி தவறிவிட்டார், அவருடைய லைனை வெட்ட வேண்டும் என்றார். மரணச் சான்றிதழ் கேட்டேன். அது வர நாளாகும், அதற்குள் இதைப் பாருங்கள் என்று ஒரு தாளை நீட்டினார். நம் பத்திரிகைகளில் வருமே, அதே மாதிரி நினைவஞ்சலி. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் மீசை வைத்த ஒருவரின் படம், கீழே ஆழ்ந்த துயரில் வாடும் மனைவி, மக்கள், அண்ணன். அச்சுக்கடையில் கலரில் போட்டிருந்தார். அதற்கே முப்பது வெள்ளி ஆகியிருக்கும்.

"எப்போ தவறினாரு, அங்கிள்?"

"போன வாரம்."

கணினியைப் பார்த்தேன். "இன்னிக்குக் காலையில ஒன்பது மணிக்கு வீடியோ பாத்திருக்காரே."

அங்கிள் கொஞ்சமும் கலங்கவில்லை. "அவன் மகன் பாத்திருப்பான்லா. அப்பா நெனப்பு," என்றார். அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் ஹெல்மெட்டும் தலையுமாக உள்ளே வந்தார். மோட்டர் சைக்கிளை நிறுத்திய இடத்தில் அபராதச் சம்மன் எழுதிக்கொண்டு வருகிறார்கள், சீக்கிரம் முடி என்று அண்ணனை அவசரப்படுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். அதே மீசை. பக்கத்துக் கவுண்டர் நசீமா மேசைக்கு அடியில் எதையோ தேடுகிறமாதிரி குனிந்துகொண்டாள்.

தம்பி மேசைமேல் கிடந்த தாளை எடுத்துத் தூரத்தில் வைத்து ஒருமுறை, கிட்டத்தில் வைத்து ஒருமுறை பார்த்தார். பொறுமையாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அண்ணனைக் கேட்டார்:

"இந்தப் படத்தை ஏன் குடுத்தீங்க? கல்யாணத்துல கோட்டுப் போட்டு எடுத்தது ஒண்ணு இருக்குல்ல?"

சிக்னல் இல்லாத வீடு

ஜெஞ்சாரோமிலிருந்து வந்த அண்ணன் இவர்களை மாதிரி பொய் சொல்லவில்லை. செம்பனைத் தோட்டத்துக்குள்ளே வீடு. போன் பேச வேண்டுமானால் அரைக் கிலோமீட்டர் நடந்து ரோட்டுக்கு வர வேண்டும். வீட்டில் சிக்னலே இல்லை என்று நிரூபித்தால் தண்டப் பணம் இல்லாமல் கான்ட்ராக்டை முறிக்கலாம் என்று ஒரு விதி உண்டு. அதை எங்கேயோ படித்துவிட்டு வந்திருந்தார். எனக்கே அது பாதி மறந்துபோயிருந்தது. எடுத்துப் படித்ததும், இது நமக்கு ஆகுமா என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. நான் இருப்பது பதினேழு மாடி ஃபிளாட். மொட்டை மாடியிலேயே எங்கள் கம்பெனியின் டவர். குளியலறைக்குள் நின்றாலும் முழு சிக்னல் அடிக்கும்.

அவருக்கு ஃபாரம் போட்டுக் கொடுத்தேன். இரண்டு எஞ்சினியர்கள் கருவியோடு போய் அளந்தார்கள். வரவேற்பறையில் பூஜ்யம், சமையலறையில் பூஜ்யம், கோழிக் கூண்டுக்குப் பக்கத்தில் பூஜ்யம். அண்ணன் எனக்கு நன்றி சொல்லி மெசேஜ் அனுப்பினார், ரோட்டுக்கு நடந்து வந்துதான் அனுப்பியிருக்க வேண்டும். அதைப் படித்து எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

பதினைந்து நாள் கழித்து முகம் வாடித் திரும்பி வந்தார். பூஜ்யத்தைப் பார்த்த மேலிடம் பதறிப்போய், ஆளனுப்பி அவர் வீட்டுக் கூரையில் சிக்னலைக் கூட்டுகிற கருவி ஒன்றை இலவசமாக மாட்டிவிட்டது. இப்போது கோழிக் கூண்டில்கூட நாலு கோடு. குறை நிவர்த்தி செய்யப்பட்டதால் கான்ட்ராக்ட் தொடரும் என்று கடிதமும் வந்துவிட்டது. பதின்மூன்று வருஷத்தில் எங்கள் கம்பெனி இவ்வளவு வேகமாக ஒரு புகாரைக் கவனித்து நான் பார்த்ததில்லை. கடிதத்தை என் பக்கம் தள்ளி அவர் சொன்னார்:

"அக்கா, நான் குறை சொன்னது தீர்த்து வைக்கறதுக்கு இல்லக்கா."

கூட்டினால் ஆறு

கேட்டரிங் செய்கிற தம்பி ஒருவர். கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் சமைத்து அனுப்புவார். கிள்ளானில் எண் கணிதம் பார்க்கிற ஒருவர், கூட்டினால் ஆறு வருகிற நம்பராக எடு, தொழில் தூக்கும் என்று சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட நம்பர் விலை உயர்ந்த திட்டத்தில்தான் கிடைத்தது. எடுத்தார். எடுத்த ஆறு மாதத்தில் தொழில் படுத்துவிட்டது. கான்ட்ராக்டை முறித்தாலும் நம்பரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் தண்டம் கட்ட வேண்டும் என்றேன். தண்டம் எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். அந்தத் தொகையையும் கூட்டிப் பார்த்தார். எட்டு வந்தது, ஆகாது என்றார்.

அவர் போனதும் நான் இரகசியமாக என் நம்பரைக் கூட்டினேன். அதுவும் எட்டு. உண்மையைச் சொல்கிறேன், பெரிய ஆறுதலாக இருந்தது. அதுவரை குற்றம் சொல்ல என்னைத் தவிர யாரும் இல்லாமல் இருந்தது. தம்பி எழுந்து போகும்போது சொன்னது இது:

"நம்பரை விட்டா தொழில் போயிடும்ங்கிறாரு. தொழில்தான் போயிருச்சே, நம்பராவது இருக்கட்டும்."

மருமகன் லைன்

நம் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரியாததில்லை. குடும்பத்தில் யாரிடம் சம்பளச் சீட்டு இருக்கிறதோ அவர் பெயரில்தான் எல்லாருடைய போனும் இருக்கும். ஒழுங்கான வேலைக்குப் போனதற்குத் தண்டனை மாதிரி.

அரசாங்க மருத்துவமனையில் உதவியாளராக இருந்து ஓய்வு பெறப் போகிற ஆன்டி ஒருவர் வந்தார். மகள் கல்யாணத்தின்போது மாப்பிள்ளைக்குச் சொந்தத் தொழில், சம்பளச் சீட்டு கிடையாது. ஆகவே சீர் வரிசையோடு சேர்த்து மாப்பிள்ளைக்குப் போனும் ஆன்டி பெயரில் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். முதல் கான்ட்ராக்ட் முடிந்ததும் மாப்பிள்ளை அதைவிடப் பெரிய போன் கேட்டார். அப்போதும் ஆன்டிதான் கையெழுத்துப் போட்டார். அடுத்த மூன்றாம் மாதம் விவாகரத்து நோட்டீஸ் வந்தது. மாப்பிள்ளை மெத்தை, அலமாரி எல்லாவற்றையும் ரோஷமாகத் திருப்பி அனுப்பினார். போனை மட்டும் அனுப்பவில்லை.

லைனை நிறுத்திவிடலாம், ஆனால் தவணை ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்று சொன்னேன். ஆன்டி தன் கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார். "ஓய்வு வந்தா சம்பளம் பாதிதான்மா. வேற வழி எதுவும் இல்லையா?"

"வழி இல்லை ஆன்டி."

மறுபடி கேட்டார். "நெசமாவே இல்லையா?"

"உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுது ஆன்டி. சிஸ்டத்துல இல்ல," என்றேன். பரவாயில்லைம்மா, நீ என்ன பண்ணுவே, என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டு எழுந்தார். நான் கணினியில் ஒரு சேவ் என்று பதிந்தேன். வாசல் வரை போனவர் ஏதோ நினைத்துக்கொண்டவர் போலத் திரும்பி வந்து சொன்னார்:

"என் மகளை விட்டுட்டுப் போயிட்டான். என்னைத்தான் விட மாட்டேங்கிறான்."

பரிசளிப்பு

அந்த மாதம் வட்டாரத்திலேயே அதிக சேவ் செய்தது யார் என்று பார்த்தார்கள். நான்தான். லிம் காலைக் கூட்டத்தில் எல்லாரையும் கைதட்டச் சொல்லி ஒரு சான்றிதழும், பிஸ்கட் டின்கள் அடுக்கிய ஒரு கூடையும் கொடுத்தார். கூடைக்குள் ஒரு கூப்பனும் இருந்தது. புது மாடல் போனுக்கு உறை வாங்கினால் ஐம்பது வெள்ளி தள்ளுபடி.

படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார் லிம். யாருடைய போனில் படம் நன்றாக வரும் என்று பார்த்து என்னுடையதையே வாங்கி நசீமாவிடம் கொடுத்தார்கள். நசீமா எனக்குப் பத்து வருஷப் பழக்கம். சிரி, கலா, சிரி என்று சொல்லிக்கொண்டே போனை உயர்த்தினாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். திரையைப் பார்த்தபடி நின்றாள். முந்தின மாதம் முதல் தடவையாக என்னால் புரட்ட முடியாமல் போன பில்லுக்கு இறுதி நினைவூட்டல் அந்த நேரத்தில்தான் வந்து விழுந்திருக்கிறது. அடுத்த பில்லுக்கு இன்னும் ஒன்பது நாள். அதுவும் நின்றால் சான்றிதழை ஸ்டோரில்தான் மாட்டிக்கொள்ள வேண்டும்.

நசீமா படத்தை எடுத்து முடித்தாள். நன்றாக வந்திருக்கிறது என்று லிம்மிடம் காட்டினாள். அதற்கு முன் அந்த மெசேஜைத் தள்ளி மறைத்திருந்தாள். எல்லாரும் கலைந்த பிறகு பிஸ்கட் கூடையைத் தூக்கி வைக்க உதவுகிறவள் மாதிரி பக்கத்தில் வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"லீவு நாள்ல கிள்ளான் பிராஞ்சுக்குப் போ, கலா. அங்க உன் மூஞ்சி யாருக்கும் தெரியாது."

மூன்றாவது தடவை

கம்பெனிச் சட்டையை வீட்டில் விட்டு, பூப்போட்ட பஞ்சாபி சூட் ஒன்றைப் போட்டுக்கொண்டு கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போனேன். எங்கள் பிராஞ்சைப் போலவே அதே நீல நாற்காலிகள், அதே டிஷ்யூ பெட்டி. நம்பர் எடுத்து நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். நாற்காலியின் முதுகு இவ்வளவு சாய்ந்திருக்கிறது, நிமிர்ந்து உட்கார முடியாது என்பது பதின்மூன்று வருஷம் கழித்து அன்றுதான் தெரிந்தது.

இந்த இடத்தில் இதுவரை நான் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வழி இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கென்று ஒரு ஃபாரம் இருக்கிறது. அதைப் போட்டால் திட்டத்தை ஆகக் குறைந்ததற்கு இறக்கி, போன் தவணையை நீட்டி, மாதம் எழுபது எண்பது வெள்ளிக்குக் கொண்டுவந்துவிடலாம். சுவரில் ஒட்ட மாட்டார்கள், எங்கேயும் எழுத மாட்டார்கள். பயிற்சியில் வாயால் சொல்லித் தருவார்கள்: கஸ்டமர் மூன்று தடவை கேட்டால் மட்டும் கொடு. முதல் தடவை, இல்லை. இரண்டாம் தடவை, உங்கள் கஷ்டம் புரிகிறது, இல்லை. மூன்றாம் தடவைதான் டிராயரைத் திறக்க வேண்டும். ஃபாரம் கொடுத்தால் அது சேவ் கணக்கில் சேராது, லிம் இருக்கிற இடத்தில் எனக்கென்று அதைக் கேட்க எனக்கும் துணிச்சல் இல்லை. நம் ஆட்கள் மூன்று தடவை கேட்பதில்லை. இரண்டு தடவை கேட்டதே மானக்கேடு என்று எழுந்துவிடுவார்கள், போகும்போது நன்றியும் சொல்வார்கள். பூக்கடை ஆன்டி வாதாடினாரே தவிர ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மருத்துவமனை ஆன்டி இரண்டு தடவை கேட்டார். என் சான்றிதழ் இவர்களால் வந்ததுதான். கூடையில் இருந்த பிஸ்கட்டை என் வீட்டில் தின்றோம். வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் நம்பர் வந்தது. கவுண்டரில் முப்பது வயதுத் தம்பி, சட்டையில் தினேஷ் என்று பெயர். கட்ட முடியவில்லை, குறைக்க ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். இல்லக்கா என்றார். வீட்டில் வருமானம் குறைந்துவிட்டது, வேறு ஏதாவது பாருங்கள் தம்பி என்றேன். "உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுதுக்கா," என்று அதே இடத்தில் அதே மாதிரி தலையைச் சாய்த்துச் சொன்னார். நான் ஆயிரக்கணக்கான தடவை சொன்ன வாக்கியம். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கேட்டால், போய்த் தொலை என்பது போலத்தான் இருக்கிறது.

இன்னும் ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும். விதி எனக்குத் தெரியும், டிராயர் எந்தப் பக்கம் என்பதுகூடத் தெரியும். வாய் வரவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் என்னைப் பார்க்கிறமாதிரி இருந்தது. பையை எடுத்தேன், நன்றி தம்பி என்று சொன்னேன், வெளியே வந்துவிட்டேன்.

வெளியே பலகாரக் கடை வாசலில் நின்றுகொண்டு சேகருக்குப் போன் செய்தேன். வேலையாகவில்லை என்றேன். எத்தனை தடவை கேட்டே என்று கேட்டார். அவருக்கும் நான்தான் ஒரு நாள் சிரித்துக்கொண்டே இந்த விதியைச் சொல்லியிருந்தேன். போனை வைத்துவிட்டேன். திரும்பப் போனால் வரிசைக்குப் புது நம்பர் எடுக்க வேண்டும், அதுவும் எங்கள் விதிதான். எடுத்தேன். இன்னொரு ஐம்பது நிமிஷம். மறுபடியும் தினேஷ்தான் வாய்த்தார். என்னைப் பார்த்ததும் அவர் இல்லை என்பதற்கு வாயைத் திறந்தார்.

"அப்போ ரெண்டு தடவை கேட்டேன். இது மூணாவது," என்றேன். "ஃபாரத்தை எடுங்க தம்பி. வலது பக்கம் ரெண்டாவது டிராயர்."

தினேஷ் நிமிர்ந்தார். "நீங்க எந்த பிராஞ்ச்கா?" என்று மெதுவாகக் கேட்டார். பிரிக்பீல்ட்ஸ், மூன்றாம் கவுண்டர் என்றேன். டிராயரைத் திறந்தார். வருமானம் குறைந்த காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் என்னைக் கேட்கவே இல்லை, கமிஷன் பாதியானது என்று அவரே எழுதினார். நின்றுபோன பில்லையும் மிச்சத் தவணையோடு சேர்த்து நீட்டினார். மாதம் எழுபத்தொன்பது வெள்ளிக்கு வந்தது. கையெழுத்துப் போட்டேன். என் கவுண்டர் இனி எனக்கே என்று ஆன பிறகுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். டிஷ்யூ பெட்டியை அவரே என் பக்கம் நகர்த்தினார். நகலைக் கொடுத்துவிட்டு, பின்னால் அவருடைய மேலாளர் இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, குனிந்து பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்:

"நானும் அதே மாடல்தான்க்கா, ரெண்டு மாசமா புரட்டிப் புரட்டிக் கட்டறேன், எங்க பிராஞ்சுல கேக்க வெக்கமா இருக்கு. உங்க கவுண்டர் காலையில எத்தனை மணிக்குத் திறக்கும்?"

மறுவாரமே வந்த தினேஷுக்கு அவர் ஒரு தடவைகூடக் கேட்காமலே ஃபாரத்தை நீட்டினேன், அதோடு கை பழகிப்போய் இப்போது யார் வந்தாலும் முதல் தடவையிலேயே டிராயர் திறந்துகொள்கிறது, வட்டாரத்திலேயே அதிக சேவ் செய்தவளுக்கு என்ன ஆயிற்று என்று லிம் கேட்கும்போதெல்லாம், பதின்மூன்று வருஷமாகக் கஸ்டமருக்குச் சொல்லிப் பழகிய அதே முகத்தோடு சிஸ்டம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.